பதினாலாம் துண்டு

உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் பக்கம் வேணும்னா சொல்லுங்க, மாறிக்கிடுவோம். தூத்துக்குடிதான? நானும் அங்கதான். இந்தப் பையா? மடியிலயே இருக்கட்டும், கனம் ஒண்ணுமில்ல. எல்லாம் தாள்தான். இருநூறு தாள். பாளையங்கோட்டையில காலையில கடை திறந்ததும் மொத ஆளா நின்னு ஜெராக்ஸ் எடுத்தேன். இந்தாங்க, உங்களுக்கும் ஒண்ணு. அட, சும்மா வாங்குங்க. ஊருக்கெல்லாம் குடுக்கத்தான் கொண்டு போறேன். இன்னிக்கிப் பதினோரு மணிக்கு ஒரு பெரிய மனுசனோட வேசத்தைக் கலைக்கணும். அதுக்குத்தான்.

பயப்படாதிய. கோட்டி பிடிச்சவன் இல்ல நான்.

உங்க உள்ளங்கையப் பாத்துட்டுத்தான் இந்த இடத்தை உங்களுக்குப் பிடிச்சு வெச்சேன். அது ஐஸ் கொக்கி கிழிச்ச தழும்புலா? எனக்கும் இருக்கு, பாருங்க. அதே இடம். எந்த ஐஸ் பிளாண்டு? திரேஸ்புரமா! சரியாப்போச்சு. நான் ஹார்பர் பக்கம் ஒரு பிளாண்டுல இருவத்திரெண்டு வருசம் கெடந்தவன். பேரு தஸ்நேவிஸ். பனிமய மாதா பேரு. பனின்னா என்னன்னே தெரியாத ஊர்ல பனிமாதா பேரை வெச்சாரு எங்கய்யா. கடைசியில நான் அந்தப் பனிக்கே போயிட்டு வந்தேன். நம்புதியளா? நார்வேக்கும் மேல, வட துருவத்துப் பக்கம், ஒரு தீவு. அங்க அம்பது நாளு. கரடி வந்தா சுடணும்னு என் கையில துப்பாக்கி குடுத்திருந்தாவ அண்ணாச்சி. கரடி வரலை. வேற ஒண்ணு கடிச்சுது.

சொல்லுதேன், சொல்லுதேன். வல்லநாடு வரதுக்குள்ள பாதி சொல்லிருவேன்.

பிளாண்டு வேலை உங்களுக்குத் தெரியாததா? உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள ஐஸ் உறையுற கேன் நிக்கும். மேல அகலம், கீழ ஒடுக்கம். ஐஸ் பாரைக் கவுத்து எடுத்து உமிக்குள்ள அடுக்குனா நாலு நாள்ல ஓரமெல்லாம் கரைஞ்சு தலை எது வால் எதுன்னு தெரியாமப் போகும். அதுக்காக எடுக்கும்போதே வால்பக்கம், அதான் ஒடுங்குன அடிப்பக்கம், கொக்கியால ஒரு வெட்டு. குறி பாத்து வாலை முன்னால குடுத்தா ஐஸ் நொறுக்குற கிரஷர் மெல்லும், இல்லேன்னா திக்கி நிக்கும். உங்க பிளாண்டுலயும் அப்படித்தான? அப்படித்தான் இருக்கும். எல்லா பிளாண்டுலயும் அப்படித்தான். நான் குறி போட்ட பாரு ஒண்ணுகூட கிரஷர்ல திக்குனது கிடையாது. எங்க முதலாளியே சொல்லுவாரு, "தஸ்நேவிஸ் வெட்டு தாசில்தார் சீலு மாதிரிடே"ன்னு.

அப்படி இருக்கையிலதான் ஒருநாள் ஒரு ஆளு வந்தாரு. டாக்டர் திருவேங்கடம். ஊசி போடுத டாக்டர் இல்ல, படிச்சு வாங்குன டாக்டர். நம்ம கோவில்பட்டிக்காரரு. வெளி மாநிலத்துல பெரிய ஆராய்ச்சிக்கூடம், பேரு வேண்டாம், அங்க பனியப் பத்தி ஆராய்ச்சி. புதுசா ஒரு துளைபோடுத மிசினைச் சோதிச்சுப் பாக்கணும்னு பத்து பாரு கேட்டு வந்தாரு. நான் ரம்பத்தை எடுத்து ஒரு பாரைக் கோடு போட்ட மாதிரி அறுத்துக் குடுத்தேன். மனுசன் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. "இந்தக் கை எனக்கு வேணும்"னாரு. அப்படியே சொன்னாரு அண்ணாச்சி. கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கவன்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

போனேன். பதினோரு வருசம் அவரோட குளிர் அறையில கெடந்தேன். மைனஸ் இருவது. நம்ம பிளாண்டு அதுக்கு முன்னால வெயில்காலம்.

வேலை என்னன்னு கேட்டியன்னா, இதான். துருவத்துப் பக்கம் பனி வருசா வருசம் ஒண்ணு மேல ஒண்ணா அமுங்கி ஐஸாக் கெடக்கு. குழாய் மாதிரி துளை போட்டு அதைத் துண்டு துண்டா எடுக்கணும். ஆழத்துல கெடக்குறது பழைய காலம், மேல கெடக்குறது புதுசு. கோடை சுட்ட வருசம் பனி உருகி மறுபடி உறைஞ்சிருக்கும், கண்ணாடியாட்டம் தெளிவா ஒரு பட்டை தெரியும். குளிர்ந்த வருசம்னா வெள்ளையா இருக்கும், உள்ள காத்துக் குமிழா. அதை எண்ணிப் பாத்து எந்தக் காலத்துல எவ்வளவு உருகுச்சுன்னு கண்டுபிடிக்காவ. நார்வே, இத்தாலி, ஜப்பான், நாம, எல்லா நாட்டு ஆளும் சேந்து செய்யுத வேலை. அங்க உருகுனா நம்ம மழை என்ன ஆகுது, கடல் என்ன ஆகுதுன்னு பாக்க. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. நான் நல்லாத்தான் செஞ்சேன்.

எட்டு வருசம் குளிர் அறையோட சரி. ஒன்பதாவது வருசம் "தஸ்நேவிஸ், நீங்களும் வாங்க, வெட்டி எடுக்குறதுக்கு நம்பிக்கையான கை வேணும்"னு அந்தத் தீவுக்கே கூட்டிட்டுப் போனாரு. அது சித்திரை மாசம். அங்க பொழுது அடையவே இல்ல, சூரியன் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு நிக்கும், தூக்கம் பிடிக்காது. ஒருநாள் கூடாரத்துல ஸ்டவ்வு பக்கத்துல உக்காந்து நான் ரசம் வெச்சுக் குடுத்தேன். பொடி எல்லாம் எங்க வீட்டுக்காரி ரெஜினா கட்டிக் குடுத்தது. குடிச்சுட்டுச் சொன்னாரு. "தஸ்நேவிஸ், இந்த ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போது உங்க பேர் இல்லாம வராது."

நான் கேக்கல அண்ணாச்சி. நானாக் கேட்டனா? அவராச் சொன்னாரு.

நம்மள மாதிரி ஆளுக்கு அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். நம்ம பேரு எதுல வரும்? ரேசன் கார்டுல வரும், செத்தா போஸ்டர்ல வரும். உலகம் பூரா படிக்கிற ஒரு புஸ்தகத்துல தஸ்நேவிஸ்னு வரும்னா! சேட்டிலைட் போன்ல ரெஜினாட்ட சொன்னேன். அவ அவங்க அண்ணன்ட்ட, அதான் எங்க மச்சான்ட்ட, சொன்னா. அவரு சபையில, சங்கத்துல, எல்லா இடத்துலயும் சொன்னாரு. நான் ஊருக்கு வந்து இறங்குதேன், தெருவுல நிக்குறவன் எல்லாம் கை குடுக்கான்.

டாக்டர் அந்த வார்த்தை சொன்னதுக்கு ரெண்டு நாள் முன்னாலதான்னு நெனைக்கேன், இல்ல இல்ல, ஒரு வாரம், அந்தப் பதினாலாம் துண்டு எடுத்தது. அதைச் சொல்லாம விட்டா விளங்காது. அன்னிக்கி டாக்டருக்குக் காய்ச்சல், கீழ குடிசையில படுத்துட்டாரு. மேல நானும் இங்கெபோர்க்குன்னு நார்வேக்காரி ஒருத்தியும். அவ மிசினைப் பாத்துக்கிடுவா, துண்டு மேல வந்ததும் நான் வாங்கி உறையில போட்டு அடையாளம் எழுதணும். மேல்பக்கம் எதுன்னு பேனாவால அம்புக்குறி போடணும், அதான் முறை. அன்னிக்கி அடிச்ச காத்துல பேனா எல்லாம் உறைஞ்சு போச்சு. மை வரலை. வாக்கி டாக்கியில டாக்டர்ட்ட கேட்டேன். "கத்தியால ஏதாவது ஒரு குறி வெட்டிருங்க தஸ்நேவிஸ், உங்களுக்குத் தெரியாததா"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. அஞ்சு துண்டு எடுத்தோம். பன்னெண்டுல இருந்து பதினாறு வரைக்கும். அஞ்சுக்கும் சரக் சரக்னு அஞ்சு வெட்டு. விரல் மரத்துப் போயிருக்கு, கண்ணுல தண்ணி உறையுது, ஆனா கை தானாப் போடுது. இருவத்திரெண்டு வருசப் பழக்கம்லா. இங்கெபோர்க்கு பாத்துட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சா.

இது எந்த ஊரு, வல்லநாடா? ஆத்துல தண்ணி கெடக்கா? கெடக்கு, கெடக்கு.

அப்புறம் கேளுங்க. ஆவணியில வெளிநாட்டுல ஒரு மாநாடு. அதுக்கு மொதல்ல ஒரு சுருக்கம் போட்டாவ, ரெண்டு பக்கம். எட்டுப் பேரு. நாலு நாளு வந்து போட்டோ எடுத்துட்டுப் போன இத்தாலிக்காரன் பேரு இருக்கு. கூடாரத்துப் பக்கமே வராத ஜப்பான்காரர் பேரு இருக்கு. என் பேரு இல்ல. கடைசியில பொடி எழுத்துல ஒரு வரி, "களப் பணியாளர்களுக்கு நன்றி." களப் பணியாளர்! அதுல கரடிக்குக் காவல் இருந்த நாயும் சேத்தியான்னு தெரியல.

அது எனக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னா, மச்சான் பொண்ணு கல்யாணத்துல. சாப்பாட்டுப் பந்தியில உக்காந்திருக்கேன். மச்சான் போனை எடுத்துக்கிட்டு வாராரு. "எங்க மாப்ள உம்ம பேரு? எல்லாரும் கேளுங்கடே"ன்னு ஒவ்வொரு பேரா வாசிக்காரு. எட்டுப் பேரும் வாசிச்சு முடிச்சுட்டு, "சரி, ஒருவேளை வெள்ளக்காரன் உம்ம பேரை மாத்தி வெச்சுட்டானோ?"ன்னாரு. பந்தியே சிரிச்சுது. ரெஜினா எதுத்தாப்புல நிக்கா. அவ சிரிக்கல. அழுதிருந்தாக்கூடத் தேவலை. என் இலையில இருந்த சோத்தை நான் தொடல அண்ணாச்சி, அப்படியே மூடிட்டு எந்திரிச்சேன்.

டாக்டர்ட்ட கேட்டேன். கேக்காம விடுவனா? "நான் கேட்டுப் பாத்தேன் தஸ்நேவிஸ், துண்டு எடுத்துக் குடுத்தவங்க பேரைப் போடுற வழக்கம் இல்லேன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க, பெரிய கட்டுரை வரும்போது திரும்பக் கேக்கேன்"னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாரு. நடிப்பு. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டானா? வாய் வார்த்தைக்குச் சொல்லி என் அம்பது நாள் உழைப்பை உறிஞ்சிட்டாருன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இவரை விடக்கூடாதுன்னும் முடிவு பண்ணிட்டேன்.

சாமி கண்ணைத் திறந்துச்சு. அடுத்த வாரமே பதினாலாம் துண்டு அறுக்க வந்துச்சு.

இப்போ அந்தத் தாளைப் பாருங்க. நான் வட்டம் போட்டு வெச்சிருக்கேன்லா, மூணு பள்ளம் தெரியுதா? அது பல்லுத் தடம். துளைபோடுத மிசின் அடியில மூணு இரும்புப் பல்லு இருக்கும். துண்டை அடியில கவ்வி ஒடிச்சுத்தான் மேல தூக்கும். அப்போ பல்லுத் தடம் இருக்க பக்கம் அடிப்பக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க, இங்கிலீஷ்ல ‘டாப்’னு. அது டாக்டர் கையெழுத்து. அடிப்பக்கத்துல ‘மேல்’னு எழுதி ஒட்டியிருக்காரு! துண்டையே தலைகீழா வெச்சிருக்காரு அந்த மனுசன். அந்தக் கீழ இருக்க வெட்டா? அது நம்ம குறி, அதை விடுங்க. வட்டத்தைப் பாருங்க.

உறைக்கு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும். அவரு வெளியில தடவிப் பாத்துட்டுச் சீட்டை ஒட்டிட்டுப் போயிட்டாரு. உறையப் பிரிச்சவன் நான். பல்லுத் தடத்தைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், இது மாறிக் கெடக்கு"ன்னு. ரம்பம் கையில இருக்கு. மச்சான் சிரிச்ச சிரிப்பு காதுல இருக்கு. போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். அப்புறம் பல்லுத் தடம் இருந்த ஓரத்தை வழவழன்னு சீவி விட்டுட்டேன். அறுக்கும்போது ஓரம் சீவுறது வழக்கம்தான். ஆனா நான் வேணும்னுதான் சீவுனேன், ஒளிக்கல உங்ககிட்ட.

அந்தத் துண்டுல பாதி தெளிவு, பாதி வெள்ளை. அந்த ஆழத்துல ஒரு துண்டுல முப்பது வருசம் அடங்கியிருக்குமாம். டாக்டர் வெச்ச மாதிரி வெச்சுப் பாத்தா மொதல்ல உருகியிருக்கு, பின்னால குளிர்ந்திருக்கு. அந்த முப்பது வருசத்துக்கு நடுவுல நம்ம பக்கம் ரெண்டு பஞ்சம். பழைய கலெக்டர் ஆபீஸ் பதிவேட்டை எல்லாம் புரட்டி எடுத்து வெச்சிருந்தாரு. அதையும் இதையும் சேத்து, அங்க பனி உருகுனதுனாலதான் இங்க மழை பொய்ச்சுதுன்னு பெரிய கட்டுரை எழுதிட்டாரு. அதுலயும் எட்டுப் பேரு. என் பேரு இல்ல. ‘திரும்பக் கேக்கேன்’னாரே, கேட்டு வந்த லட்சணம் அது.

ஆஹா, என்ன பேரு, என்ன புகழு! டிவியில அவருதான். மால போடுதாவ, பட்டம் குடுக்காவ. நான் சும்மா இருந்தேன். ஏறட்டும், நல்லா ஏறட்டும்னு இருந்தேன். பாதி ஏணியில தள்ளி என்ன பிரயோஜனம்? ஒன்றரை வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காலையில அவருக்கு வணக்கம் சொன்னேன். ரெஜினாகூடக் கேட்டா, "உமக்கு அவரு மேல கோவமே இல்லையா"ன்னு. சிரிச்சேன்.

பெரிய விருது ஒண்ணு அறிவிச்சாவ. மறுநாள் அந்த இங்கெபோர்க்குக்கு ஒரு மெயில் போட்டேன், பேரு இல்லாம. எங்க தெரு கம்ப்யூட்டர்க்காரப் பையன்தான் இங்கிலீஷ்ல அடிச்சுக் குடுத்தான். "பதினாலாம் துண்டு தலைகீழாக வைக்கப்பட்டுள்ளது. பழைய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி துளை போட்டுச் சரிபாருங்கள்." அவ்வளவுதான். போட்டோவை அனுப்பல, அதை இன்னிக்கின்னு பத்திரமா வெச்சிருந்தேன்.

அவ போய்ப் போட்டா. மூணு கிலோமீட்டர் தள்ளித் துளை போட்டா. பாத்தா நேர் மாறாக் கெடக்கு. மொதல்ல வெள்ளை, பின்னாலதான் தெளிவு. அதாவது இங்க பஞ்சம் மொதல்ல வந்துருக்கு, அங்க பனி அப்புறம்தான் உருகியிருக்கு. காரணம்னு சொன்னது காரியத்துக்குப் பின்னால போயி நிக்குது. ஊரே சிரிச்சுது அண்ணாச்சி. எங்க மச்சான் பந்தி என்ன பந்தி, உலகமே பந்தியா உக்காந்து சிரிச்சுது. டிவியில ஒருத்தன், "பனி உருகுதுன்னு சொல்லுறதே கட்டுக்கதை, இப்போ பாத்தீங்களா"ங்கான். அது தப்பு. பனி உருகத்தான் செய்யுது. நாங்க கூடாரம் போட்ட இடத்துல இப்போ ஓடை ஓடுதுன்னு இங்கெபோர்க்கு போட்டோவே போட்டிருந்தா. எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கி அவன் சொன்னதைக் கேக்கவும் எனக்கு இனிச்சுது. பொய் சொல்ல மாட்டேன். இனிச்சுது.

விசாரணைக் கமிட்டி வந்துச்சு. அது நடக்கும்போது ஒருநாள் டாக்டர் குளிர் அறை வாசல்ல வந்து நின்னாரு. ஆளு பாதியாப் போயிட்டாரு. உறை பிரிக்காமக் கெடந்த மிச்ச நாலு துண்டையும் எடுத்துப் பிரிக்கச் சொல்லி ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு. "தஸ்நேவிஸ், அன்னிக்கி வெட்டை எந்தப் பக்கம் போட்டீங்க?"

என்னைய மாட்டி விடப் பாக்காருன்னு எனக்குப் பொறி தட்டிருச்சு. விடுவனா? நல்லாக் கண்ணைப் பாத்துச் சொன்னேன். "எப்பவும் போடுற பக்கம்தான் சார். இருவத்திரெண்டு வருசமாப் போடுற பக்கம்."

கையுறையைக் கழட்டுனாரு. "உங்க பிளாண்டுல போடுற மாதிரியா?"ன்னாரு. "ஆமா சார், அதுல தப்பே வராது"ன்னேன். "சரி, துண்டுகளை உள்ள வெச்சிருங்க, கதவைச் சாத்திக்கோங்க, குளிர்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வாயை அடைச்சேன்லா! மறுநாள் கமிட்டியில எழுதிக் குடுத்துட்டாரு. "மாதிரியின் திசையைக் குறித்ததில் நேர்ந்த பிழைக்கு நானே பொறுப்பு. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை." ஒத்துக்கிட்டாரு அண்ணாச்சி! தன் கையாலயே எழுதி ஒத்துக்கிட்டாரு. அதோட விருது போச்சு, பதவி போச்சு, வெளிநாட்டுக்காரன் காசு நிறுத்துனான், குளிர் அறையவே மூடிட்டான். என் வேலையும்தான் போச்சு. போகட்டும். அந்த அஞ்சு துண்டையும் கழிவுல விடச் சொன்னாவ. நான்தான் தொட்டியில போட்டேன். பாத்துக்கிட்டே இருக்கேன், பைய உருகி வடியுது. எத்தனையோ வருசத்துப் பனி, சாக்கடையில. கடைசித் துளி வடியுற வரைக்கும் அங்கேயே நின்னேன்.

ஆனா பாத்தியளா, அந்த ஆளு அடங்குனாரா? வாகைக்குளம் தாண்டியாச்சா? இன்னும் கொஞ்சம்தான். கோவில்பட்டியில வீட்டுல கெடக்காருன்னு நெனைச்சேன். இன்னிக்கித் தூத்துக்குடியில ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காவ. பனி உருகுனா நம்ம கடலுக்கு என்ன ஆகும்னு பேசப் போறாராம். இருநூறு பிள்ளைய உக்காந்து கேக்கப் போவுது. நம்ம ஊர்ல! எங்க மச்சான் இளைய மகன் அங்கதான் படிக்கான், அவன்தான் சொன்னான். தலை நிமிந்து பேச விடுவனா நான்? வாசல்ல நின்னு ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒரு தாளு. அப்புறம் நடுவுல எந்திரிச்சு நிப்பேன். "சார், மேல் எது கீழ் எதுன்னு தெரியாத நீங்க என்ன சார் பாடம் நடத்துதிய"ன்னு கேப்பேன். அம்புட்டுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

என்ன, தாளையே உத்துப் பாத்துக்கிட்டு வாரிய? கண்ணாடி வேணுமா?

என்னது?

ஆமா, அந்த வெட்டு என் குறிதான். நான்தான் சொன்னேன்லா.

ஆமா, பல்லுத் தடம் இருக்க பக்கத்துலதான் இருக்கு. ஒரே பக்கம்தான். அதுக்கென்ன? அங்கதான போடணும். வாலுலதான குறி. நம்ம பிளாண்டுல அப்படித்தான, நீங்களே சொன்னியள்லா. வாலுலதான் வெட்டு, அடிப்பக்கம்தான்...

இல்ல. அங்க அம்புக்குறி மேல்பக்கம்.

இல்ல அண்ணாச்சி, இருங்க. அவரு பேனாவுல போடுறது மேல் பக்கம். பேனா உறைஞ்சு போச்சு. அதனால நான் கத்தியால... அவரு எந்தப் பக்கம்னு சொல்லல. ‘உங்களுக்குத் தெரியாததா’ன்னாரு. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச பக்கம் நான் போட்டேன். அவரு வெளியில தடவிப் பாத்துட்டு, வெட்டு இருக்க பக்கம் மேல்னு...

அஞ்சு துண்டுலயும் நான்தான் போட்டேன்.

கொஞ்சம் இருங்க, இந்த ஜன்னலைத் திறக்கேன். காத்து வரட்டும். ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடல, அதான்.

"உங்க பிளாண்டுல போடுற மாதிரியா"ன்னு கேட்டாரு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. பத்து பாரு வாங்க வந்தப்போ எங்க பிளாண்டுல குறியப் பாத்தவருலா அவரு, இது ஏன்னு அன்னிக்கே என்ட்ட கேட்டவருலா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். "தஸ்நேவிஸ் போட்ட குறி"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா அவரு தப்பிச்சிருப்பாரு. விருது கைக்கு வரலேன்னாலும் வேலையாவது மிஞ்சியிருக்கும். எழுதலையே. ‘வேறு யாருக்கும் பங்கில்லை’ன்னுலா எழுதுனாரு. என்ட்ட குளிர்ல நிக்காதிங்கன்னுட்டுப் போயி அதை எழுதிக் குடுத்திருக்காரு.

ஏன் எழுதல? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, ஏன் எழுதல? இரக்கமா? நான் கேட்டனா அவரு இரக்கத்தை? கட்டுரையில என் பேரைப் போடல, சரி. அது கமிட்டிக்காரன் தடுத்தான்னு வெச்சுக்கிடுவோம். இதுல யாரு தடுத்தா? இது நான் செஞ்ச வேலை. என் கை வெட்டுன வெட்டு. உலகத்தையே தலைகீழாத் திருப்புன வெட்டு. அதுலயும் என் பேரு இல்லாம ஆக்கிட்டாரே! ஒன்றரை வருசம் நான் வணக்கம் சொன்னேன், அவரு பதிலுக்குச் சிரிச்சாரு. அதுக்கப்புறம் எல்லாம் தெரிஞ்சும், வேலை போயி நான் கிளம்புன அன்னிக்கி என்னைய வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தாரு. நான் அவரைக் கவுத்தேன்னு நெனைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அவரு ஒரு வரியில என்னைய என்ன செஞ்சு வெச்சிருக்காரு பாத்தியளா? இனிமே நான் எங்க போய் நிப்பேன்?

கோரம்பள்ளம் வந்துருச்சு. நீங்க புது பஸ் ஸ்டாண்டுல இறங்குவியளா?

அந்தத் தாளைக் குடுங்க. இல்ல, திருப்பிக் குடுங்க அண்ணாச்சி. மடிச்சாலும் பரவாயில்ல. இருநூறுல ஒண்ணும் வெளிய போகக்கூடாது.

போறேன், போகாம? பதினோரு மணிக்கு அங்க நிப்பேன். இருநூறு பிள்ளையளுக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு கேக்கத்தான் போறேன். விட மாட்டேன். "சார், அந்தக் குறியை வெட்டுனது நான். என் பேரை ஏன் சொல்லல?"ன்னு கேப்பேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேப்பேன். அந்த மனுசன் பதில் சொல்லித்தான் ஆகணும்.